பேர்ட்ஸ் ஆன் ஃபயர்: ஃப்ரெட்வொர்க் குழுவின் யூத வயோல் இசைத்தட்டு

ஃப்ரெட்வொர்க் என்ற ஆங்கிலேய வயோல் (வில்லால் வாசிக்கும் பழைய ஐரோப்பியத் தந்திக் கருவி) குழு 2008இல் ஹார்மோனியா முண்டி நிறுவனம் வழியாக வெளியிட்ட ‘பேர்ட்ஸ் ஆன் ஃபயர்’ தட்டில் இரண்டு காலத்து இசை இருக்கிறது. ஒன்று, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் யூத வழிவந்த இசைக்கலைஞர்கள் வயோல்களுக்கு எழுதியது. தாமஸ் லூபோ, பஸானோ குடும்பத்தார், லியோனோரா டுவார்ட்டே என்ற பெயர்கள் அதில் வருகின்றன. இன்னொன்று, நம் காலத்து இசையமைப்பாளர் ஆர்லாண்டோ கோஃப் இதே குழுவுக்காக எழுதிய புதிய படைப்பு. தட்டின் பெயர் அந்தப் புதிய படைப்பிலிருந்து எடுத்ததுதான்.

லண்டனில் வார இறுதிகளில் கூடி வாசிக்கும் ஒரு சின்னக் குழுவில் நான் டெனர் வயோல் வாசிக்கிறேன். தொழில்முறைக் கலைஞர் இல்லை. ஆனால் லூபோவையும் டுவார்ட்டேவையும் நடுக்குரலில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் மேல்குரலான ட்ரெபிளும் அந்தப் பக்கம் அடிக்குரலான பாஸும் ஒலிக்க, உள்ளே இருந்து கேட்டுப் பழகியவள். அதனால் இந்தத் தட்டைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய இசையும் புதிய இசையும் ஒரே தட்டில் இருப்பதை நிறையக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது வெறும் பக்கத்து இருக்கைதான், ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாது. இங்கே இரண்டும் பேசிக்கொள்கின்றன. பழைய துண்டுகளில் இவர்கள் யூதர்கள் என்பதற்கு ஓர் அடையாளமும் காதில் விழாது. புதிய படைப்பில் அந்த அடையாளம் முதல் வேலை போல முன்னால் வந்து நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் தட்டின் முழு அர்த்தமும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயோல் என்றதும் வயலினுக்கு அண்ணன் என்று பலர் நினைக்கிறார்கள். வடிவத்தில் கொஞ்சம் சாயல் உண்டு, அவ்வளவுதான். வயோலுக்கு ஆறு தந்திகள், எல்லாம் ஆட்டுக்குடலிலிருந்து முறுக்கியவை. சின்னதோ பெரியதோ, எல்லா அளவையும் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தித்தான் வாசிக்க வேண்டும். வில்லை உள்ளங்கை மேலே பார்க்கும்படி கீழிருந்து பிடிக்க வேண்டும். கழுத்தில் மெட்டுகளும் உண்டு. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்து அசையாமல் நிற்பவை. வயோலின் மெட்டுகள் கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்புதான், சுருதிக்கு ஏற்ப மயிரிழை நகர்த்திக்கொள்ளலாம். மெட்டின் மேல் விரல் அழுந்துவதால் ஒவ்வொரு சுரமும் திறந்த தந்தி போல மணியாக ஒலித்து அடங்கும். சத்தம் பெரிதாக இருக்காது. ஒரு வயலின் வந்து பக்கத்தில் நின்றால் ஐந்து வயோல்களையும் அமுக்கிவிடும். ஆனால் ஐந்து வயோல்கள் சேரும்போது எந்தக் குரலும் இன்னொன்றை மறைக்காது. ஐந்தையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கேட்கலாம். ட்ரெபிள், டெனர், பாஸ் என்று மூன்று அளவுகளில் செய்து, ஒரு பெட்டியில் ஒன்றாகப் பூட்டி வைக்கும் குடும்பம் அது.

இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்பதே யூதர்களின் கதையை ஒட்டிச் செல்கிறது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினில் வலென்சியாவின் பக்கம் இது உருவானது. அங்கிருந்து இத்தாலிக்குப் போனது. வலென்சியாவைச் சேர்ந்த போர்ஜியா குடும்பத்தவர் ஒருவர் 1492இல் போப் ஆனார். அதே 1492இல்தான் ஸ்பெயின் தன் யூதர்களை நாட்டை விட்டு வெளியேற்றியது. ஓடிவந்தவர்களில் சிலர் கையோடு வயோலையும் கொண்டுவந்திருப்பார்கள் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது நிரூபணம் ஆன விஷயம் இல்லை. ஆனால் காலமும் பாதையும் பொருந்துவதைப் பார்க்கும்போது அந்த எண்ணத்தை லேசில் தள்ளிவிட முடியவில்லை.

சரி, லண்டனுக்கு வருவோம். இங்கிலாந்தில் 1290க்குப் பிறகு யூதர் என்று சொல்லிக்கொண்டு யாரும் வாழ முடியாது. முதலாம் எட்வர்ட் அந்த ஆண்டு அவர்கள் எல்லாரையும் விரட்டிவிட்டார். ஆட்சித் தலைவர் கிராம்வெல் காலத்தில், 1656இல்தான் மறுபடி வாசல் திறந்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே, 1540இல், எட்டாம் ஹென்றி வெனிஸிலிருந்து ஆறு தந்திக் கலைஞர்களை வரவழைத்துச் சம்பளத்தில் அமர்த்தினார். அவர்களில் ஒருவர் அம்ப்ரோஸ் லூபோ. ஏறக்குறைய அதே சமயத்தில் பஸானோ சகோதரர்களும் வெனிஸிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அவர்கள் முக்கியமாகக் குழல் வாசிப்பவர்கள், கருவி செய்வதிலும் பேர்போனவர்கள். ஹென்றி கலைத்துப்போட்ட சார்ட்டர்ஹவுஸ் மடத்தில் அவர்களுக்குக் குடியிருக்க இடம் கிடைத்தது. துறவிகளை வெளியேற்றிய அறைகளில் வெனிஸ்காரர்கள் ரெக்கார்டர் என்ற மரக்குழல்களைக் கடைந்துகொண்டிருந்தார்கள்.

இவர்கள் யூதர்கள்தான் என்ற வாதத்தை 1983இல் ராஜர் ப்ரையர் என்ற ஆய்வாளர் விரிவாக முன்வைத்தார். 1540களின் தொடக்கத்தில் லண்டனில் ரகசியமாக யூத மதத்தைக் கைக்கொண்டவர்கள் என்ற சந்தேகத்தில் போர்த்துகீசியர்கள் பலர் கைதானார்கள். அந்த நெருக்கடியில் அரசவை இசைக்கலைஞர்களும் சிக்கினார்கள் என்பது அவர் கருத்து. பஸானோ குடும்பத்தின் கேடயச் சின்னத்தில் பட்டுப்பூச்சிகளும் முசுக்கொட்டை மரமும் இருக்கின்றன. இத்தாலியில் பட்டுத் தொழிலோடு யூதர்களுக்கு இருந்த தொடர்பை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். லூபோக்களைப் பற்றிய வாதம் எனக்கு வலுவாகத் தெரிகிறது. பஸானோக்கள் விஷயத்தில் மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஏனென்றால் ஆதாரங்கள் பெரும்பாலும் சுற்றி வளைத்து வருபவை. ஆகவே, ‘யூத இசை’ என்ற அடையாளத்தோடு இந்தத் தட்டை வாங்குபவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது: தட்டில் உள்ள எல்லாப் பெயர்களுக்கும் அந்த அடையாளம் ஒரே அளவு உறுதியானது இல்லை. தன்னை மறைத்துக்கொண்டுதான் உயிர் வாழ முடியும் என்ற நிலையில் இருந்தவர்களைப் பற்றி நானூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்துத் தேடினால் இப்படித்தான் இருக்கும். மறைத்தவர்கள் நன்றாகவே மறைத்திருக்கிறார்கள்.

இப்போது இசை. அம்ப்ரோஸ் லூபோ ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், 1591இல் இறக்கும் வரை, அரசவையில் வாசித்தார். மகன் ஜோசப்பும் அதே வேலை. பேரன் தாமஸ் 1571இல் லண்டனில் பிறந்தவர், 1588இல் அரசவை வயலின் குழுவில் சேர்ந்தவர், 1627இல் இறந்தவர். பிறகு இளவரசர் சார்ல்ஸின் வீட்டு இசைக்குழுவிலும் இருந்தார். அங்கே கோப்ராரியோ, கிப்பன்ஸ் போன்ற இசையமைப்பாளர்கள் அவருக்குச் சகாக்கள். அவருடைய ஃபாண்டசியாக்கள்தான் என் பார்வையில் இந்தத் தட்டின் பழைய பகுதிக்கு முதுகெலும்பு.

ஃபாண்டசியா என்றால் பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஒரு குரல் ஒரு சின்னச் சொற்றொடரைச் சொல்லும். இரண்டாவது குரல் அதையே வேறு சுரத்தில் எடுக்கும். மூன்றாவது, நான்காவது என்று எல்லாரும் உள்ளே வந்ததும், யாரோ ஒருவர் புதிய சொற்றொடர் ஒன்றைத் தொடங்கிவிடுவார். இப்படியே நகரும். லூபோவிடம் நான் விரும்புவது அவருடைய சொற்றொடர்கள் எப்போதும் யாரோ பேசுவது போலவே இருப்பது. இத்தாலிய மாட்ரிகல் பாடல்களை ஊறப்போட்டுக் குடித்தவர் அவர். சில துண்டுகளுக்கு இத்தாலியத் தலைப்புகளே உண்டு. சொற்கள் இல்லாமலே சொற்களின் ஏற்ற இறக்கம் தெரியும். ஒரு பெருமூச்சு, ஒரு தயக்கம், பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும் ஒரு சலசலப்பு.

ஆறு குரல் துண்டுகளில் ட்ரெபிள்கள் ஒன்றையொன்று துரத்தும், பாஸ்களும் அப்படியே. நடுவில் டெனர்கள். வாசிப்பவருக்கு அந்த நடு இடம் எப்படி இருக்கும் என்றால், நீண்ட நேரம் தாளத்தை எண்ணிக்கொண்டு காத்திருப்பீர்கள். உங்கள் முறை வரும்போது மற்ற ஐந்து பேரும் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். உங்கள் சொற்றொடரை அதற்குள் தெளிவாகச் சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். எங்களைப் போன்றவர்கள் அந்த இடத்தில் வில்லை அழுத்திவிடுவோம். ஃப்ரெட்வொர்க் குழுவினர் அழுத்துவதில்லை. அந்தக் குரல் வரும் நேரத்தில் மற்றவர்கள் ஒரு நூலிழை இறங்கிக்கொள்கிறார்கள், யாரும் சொல்லாமலே. 1986இலிருந்து சேர்ந்து வாசித்து வரும் குழு. ஆட்கள் மாறியிருந்தாலும் அந்தப் பழக்கம் மாறவில்லை. விரல் அதிர்வை அவர்கள் ஆபரணமாக எப்போதாவதுதான் பயன்படுத்துகிறார்கள். மற்ற நேரமெல்லாம் சுரம் நேராக நிற்கிறது. உணர்ச்சி முழுவதும் வில்லிலிருந்து வருகிறது: சுரத்தின் நடுவில் ஒரு சின்ன வீக்கம், முடிவில் ஒரு தளர்வு. இதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் வில் பிடிப்பதைத் திருத்திக்கொண்டேன்.

பஸானோ துண்டுகளை அந்த அளவு நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். அகஸ்டின் பஸானோவின் பவான், கேலியார்ட் வகைகள் நன்றாக உடுத்திய அரசவை நடனங்கள். முதலில் இரட்டைத் தாளத்தில் நிதானமாக ஒரு நடை, பிறகு மூன்றின் தாளத்தில் துள்ளல். அழகுதான், ஆனால் அந்தக் காலத்தில் வேறு பலரும் இதைச் செய்திருக்கிறார்கள். ஜெரோனிமோ பஸானோவின் ஃபாண்டசியா அதைவிட அடர்த்தியானது, இன்னும் கேட்க மாட்டோமா என்று நினைக்க வைக்கும். இந்தக் குடும்பத்தில்தான் எமிலியா லானியர் பிறந்தார். அரசவைக் குழலிசைஞர் பாப்டிஸ்டா பஸானோவின் மகள். 1611இல் தன் பெயரிலேயே கவிதைத் தொகுப்பு ஒன்றை அச்சிட்டு வெளியிட்ட பெண். இது இசைத்தட்டுக்கு வெளியே போகும் விஷயம்தான், இருந்தாலும் பஸானோ பவானைக் கேட்கும்போது அந்த வீட்டில் வளர்ந்த சிறுமியை எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

அப்புறம் லியோனோரா டுவார்ட்டே. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தட்டை வாங்க வேறு காரணமே வேண்டாம்.

1610இல் ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர். போர்ச்சுகலிலிருந்து வந்த கன்வெர்ஸோ குடும்பம், அதாவது கட்டாயத்தின் பேரில் கத்தோலிக்கராக மாறிய யூதர்களின் வழி. வெளியே ஞானஸ்நானம், கோவில் பதிவேடு எல்லாம் உண்டு. அப்பா காஸ்பர் டுவார்ட்டே வைர வியாபாரி, நகை வியாபாரி, ஓவியங்கள் வாங்கி விற்பவர். ஆன்ட்வெர்ப்பின் மெயிர் தெருவில் இருந்த அவர்கள் வீடு ஊருக்கே ஒரு சங்கீத சபா மாதிரி. டச்சுக் கவிஞரும் அரசியல் செயலருமான கான்ஸ்டன்டைன் ஹாய்கென்ஸ் அந்தக் குடும்பத்தோடு பல காலம் கடிதத் தொடர்பில் இருந்தார். ஆங்கிலேய நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் 1641இல் அங்கே போய்க் கேட்டிருக்கிறார். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் தோற்று ஓடிவந்து ஓவியர் ரூபென்ஸின் வீட்டில் வாடகைக்கு இருந்த கேவென்டிஷ் பிரபுத் தம்பதியும் அங்கே போய்வந்தவர்கள். பிள்ளைகள் எல்லாரும் பாடினார்கள், வாசித்தார்கள். லியோனோரா எழுதினார். ஐந்து வயோல்களுக்கான ஏழு சின்ஃபோனியாக்கள் (சிறு இசைத்துண்டுகள்), ஆக்ஸ்ஃபர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் கையெழுத்துப் பிரதியில் பிழைத்துக் கிடக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் வயோல் குழுவுக்கு இசை எழுதிய பெண் என்று நமக்குத் தெரிந்த பெயர் இது ஒன்றுதான்.

கறாராகப் பார்த்தால் இது மறுமலர்ச்சிக் கால இசை இல்லை. காலண்டர்படி அதற்கு அடுத்த பரோக் காலம் தொடங்கிவிட்டது. ஆனால் அவர் எழுதியது முந்தைய தலைமுறையின் நடையில். இத்தாலியில் எல்லாரும் ஒரு மேல்குரலும் ஒரு அடிக்குரலும் என்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் ஐந்து குரல்களும் சமம் என்ற பழைய வழியில் நிற்கிறார். துண்டுகள் மிகச் சின்னவை. தொடங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, முடிந்துவிடும். வீட்டில் கூடி வாசிக்க எழுதியவை என்பது வாசித்துப் பார்த்தால் உடனே தெரியும்: எந்தக் குரலும் விரலை முறிக்காது, எந்தக் குரலும் சும்மாவும் இருக்காது. டெனர் வாசிப்பவருக்கு ஒரு வரியாவது பாடும்படியாகக் கிடைக்கும். உடன்பிறந்தவர்களுக்கு எழுதியவர் யாரையும் விட்டுவிடவில்லை. திடீரென்று ஒரு இடத்தில் எதிர்பாராத சுரம் ஒன்று உரசிவிட்டுப் போகும். அதை அவர் இழுத்து வைத்துக் காட்டமாட்டார், தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஃப்ரெட்வொர்க் இந்தத் துண்டுகளைப் பெரிதாக்கிக் காட்ட முயலாதது எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுக்குள் வாசிக்கும் அளவிலேயே வாசிக்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்ட பிறகு ஒருவர் கேட்கலாம்: இதில் யூத இசை எங்கே? எங்கும் இல்லை. லூபோ ஆங்கிலேய அரசவை இசையை ஆங்கிலேயர்களைவிட நன்றாக எழுதினார். டுவார்ட்டே கத்தோலிக்க ஆன்ட்வெர்ப்பின் இசையை எழுதினார். ஜெப ஆலயத்தின் ராகம் ஒன்றுகூட இதில் இல்லை. இருக்கவும் முடியாது. அது வெளியே தெரிந்தால் வேலை போகும், வீடு போகும், உயிரே போகலாம்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர் இத்தாலியின் மாண்டுவா நகரத்து இசையமைப்பாளர் சலமோனே ரோஸ்ஸி. அந்நகரை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் அரசவையில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் மான்டவெர்டி இருந்த அதே காலத்தில் வேலை செய்தவர். அவர் யூதர் என்பதை மறைக்கவில்லை. தன் நூல்களின் முகப்பிலேயே ‘எப்ரேயோ’ (யூதர்) என்று பெயரோடு சேர்த்து அச்சிட்டார். 1606இல் யூதர்கள் அணிய வேண்டிய மஞ்சள் அடையாளத்திலிருந்து அவருக்கு விலக்குக் கிடைத்தது. 1622-23இல் வெனிஸில் எபிரேய வழிபாட்டுச் சொற்களுக்குப் பலகுரல் இசை எழுதி அச்சேற்றினார். இசைக் குறியீடு இடமிருந்து வலமாக ஓட, அதன் கீழே எபிரேயச் சொற்கள் ஒவ்வொன்றும் வலமிருந்து இடமாக. ஆனால் அந்த ரோஸ்ஸியின் இசையும் காதுக்கு மாண்டுவா இசைதான். வெளிப்படையாக யூதராக வாழ்ந்தவரும் மறைத்து வாழ்ந்தவர்களும் ஒலியில் ஒரே மாதிரி இருக்கிறார்கள். அவர்களுடைய தொழில் அது. அந்தந்த ஊரின் இசையை முதல்தரமாகச் செய்பவர்கள் என்பதற்காகத்தான் அரசர்கள் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் கோஃப்பின் படைப்பு வந்து விழுகிறது.

ஆர்லாண்டோ கோஃப் 1953இல் பிறந்தவர். மேடை நாடகம், நடனம், பெரிய பாடகர் குழுக்கள் என்று உழைத்தவர். தாளம்தான் அவருடைய பலம். ‘பேர்ட்ஸ் ஆன் ஃபயர்’ எழுதும்போது அவருக்குத் தூண்டுதலாக இருந்தது அஹரோன் அப்பெல்ஃபெல்டின் ‘பாடன்ஹைம் 1939’ நாவல். அப்பெல்ஃபெல்ட் 1932இல் கிழக்கு ஐரோப்பாவின் செர்னோவிட்ஸ் நகர் அருகே பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது தாயைக் கொன்றார்கள். சிறுவன் முகாமிலிருந்து தப்பிக் காடுகளில் அலைந்து, 1946இல் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார். பிறகு எபிரேய மொழியில் எழுதினார். நாவலில் ஆஸ்திரியாவின் ஒரு நீராட்டு ஊர். கோடைக்கு அங்கே வரும் நடுத்தர வர்க்க யூதர்கள், ஓர் இசைவிழா, இனிப்புக் கடைகள். சுகாதாரத் துறை வந்து யூதர்களைப் பதிவு செய்யத் தொடங்குகிறது. வாசல்கள் அடைபடுகின்றன. கடைசியில் அவர்களை முகாமுக்கு ஏற்றிச் செல்லும் ரயில் வருகிறது. மக்கள் அதுவரைக்கும் கச்சேரி நிகழ்ச்சி நிரலைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஊரோடு ஒன்றிவிட்டோம் என்று நம்பியவர்களின் கதை அது. லூபோ, டுவார்ட்டே குடும்பங்களின் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். இந்தத் தட்டைத் தொகுத்தவர்களின் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இசையில் கோஃப் கையில் எடுத்திருப்பது க்ளெஸ்மர். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண வீட்டு இசை, துள்ளலுக்கு நடுவே விக்கி அழும் இசை. அதை வயோல்களுக்குக் கொடுத்தது துணிச்சலான காரியம். க்ளெஸ்மரின் உயிர் கிளாரினெட்டிலும் வயலினிலும் இருக்கிறது, சுரத்தை வழுக்கி இழுத்து உடைக்கும் கருவிகளில். மெட்டு கட்டிய வயோலில் அப்படி வழுக்க முடியாது. விரல் நகர்ந்தால் படிப்படியாகத்தான் கேட்கும். கோஃப் இதைத் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அழுகையை வழுக்கலில் வைக்காமல் வில்லின் உராய்விலும் தாளத்திலும் வைத்திருக்கிறார். குடல் நரம்பின் மேல் வில் வேகமாக இறங்கும்போது எழும் கரகரப்பு, லூபோவில் மறைத்து வைக்க வேண்டியது, இங்கே வெளியே வருகிறது. ஒரு பாட்டுத் துணுக்கு தோன்றும், அதைச் சுற்றி மற்றக் குரல்கள் திரும்பத் திரும்ப அடிக்கும் தாளத்தில் சேர்ந்துகொள்ளும். கொண்டாட்டமா பதற்றமா என்று பிரிக்க முடியாத ஒரு சூடு ஏறும். ஒரே கருவிகள், ஒரே கலைஞர்கள். சற்று முன் பட்டு போல ஒலித்த நரம்புகள் இப்போது நெருப்பைத் தின்கின்றன.

இதைப் பற்றி எனக்கு ஒரு நெருடல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். க்ளெஸ்மர் அஷ்கனாசி யூதர்களின், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் சொத்து. லூபோக்களும் டுவார்ட்டேக்களும் ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி வழிவந்தவர்கள். அவர்கள் தங்கள் வீட்டுக்குள் ரகசியமாக ஏதாவது பாடியிருந்தால் அது வேறு மொழியில், வேறு ராகத்தில் இருந்திருக்கும். லூபோவின் மறைந்த குரலைக் கோஃப் வெளியே கொண்டுவருகிறார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யூதர்கள் என்றாலே க்ளெஸ்மர் என்று எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டும் பழக்கம் உலகத்தில் ஏற்கெனவே அதிகம் இருக்கிறது, அதற்குத் துணைபோகக் கூடாது. அப்பெல்ஃபெல்டின் நாவல்தான் இந்தப் படைப்பைக் காப்பாற்றுகிறது. கோஃப்பின் இசை பாடன்ஹைமின் யூதர்களுக்கானது, செர்னோவிட்ஸ் பக்கத்துச் சிறுவன் கேட்டிருக்கக்கூடியது. அந்த அளவில் அது உண்மையானது. பழைய துண்டுகளோடு அதைச் சேர்ப்பது காதின் வழியாக இல்லை, வரலாற்றின் வழியாக. நாவலைப் படித்துவிட்டுக் கேட்டால் இந்தப் படைப்பு இரண்டு மடங்கு பெரிதாகும். படிக்காமல் கேட்டாலும் தாளமே இழுத்துக்கொண்டு போய்விடும், ஆனால் ஏன் இவ்வளவு வெப்பம் என்று புரியாது.

இன்னொரு குறை. லூபோவுக்கும் டுவார்ட்டேவுக்கும் பழகிய காதை வைத்துக்கொண்டு கோஃப்புக்குள் நுழைவது சிலருக்குத் தூக்கிவாரிப்போடும். எங்கள் குழுவில் பாஸ் வாசிக்கும் மூத்தவர் ஒருவர் பழைய துண்டுகளை மட்டும் தனியாகத் தேர்ந்து கேட்கிறார், புதியதைத் தொடுவதே இல்லை. அவர் நல்ல இசைஞர், அவரோடு இதைப் பற்றி வாதாடிக்கொண்டே இருக்கிறேன். வயோல் என்பது அருங்காட்சியகத்துப் பொருள் என்று ஃப்ரெட்வொர்க் ஒருநாளும் நினைத்ததில்லை. ஜார்ஜ் பெஞ்சமின் 1990இல் இவர்களுக்காக எழுதினார். அதற்குப் பிறகும் பலரிடம் கேட்டு வாங்கி வாசித்திருக்கிறார்கள். ஒரு கருவிக்கு யாராவது புதிதாக எழுதும் வரைதான் அதற்கு உயிர் இருக்கிறது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதுவும் இந்தத் தட்டிலிருந்து கோஃப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான பழைய இசை மட்டுமே. அதைத் தரும் தட்டுகள் வேறு நிறைய உண்டு.

எப்படிக் கேட்க வேண்டும்? பின்னணி இசையாகப் போட்டுவிட்டு வேலை பார்க்கலாம் என்று நினைத்தால் லூபோ முழுவதும் வீணாகிவிடும், ஐந்தாறு குரல்களும் ஒரே மூட்டமாகிப் போகும். நல்ல ஹெட்ஃபோன் போட்டு, முதல் முறை மேல்குரலை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை பாஸை. மூன்றாவது முறை நடுவில் இருப்பவர்களைத் தேடிப் பாருங்கள், வேறு துண்டு போலவே இருக்கும். கைபேசியில் கேட்பவர்கள் கலைத்துப் போடும் பொத்தானை அணைத்துவிடுங்கள். பழையதும் புதியதும் வரும் வரிசையை யோசித்துத்தான் அமைத்திருக்கிறார்கள்.

மேற்கத்திய இசைக்கே புதியவர் என்றால் மட்டும் அந்த வரிசையை விட்டுவிட்டு டுவார்ட்டேவின் சின்ஃபோனியாக்களில் தொடங்குங்கள். சின்னவை, அலுக்காது, ஐந்து குரல்களையும் பிரித்துக் கேட்கக் காது பழகிவிடும். பிறகு நேரே கோஃப். லூபோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும், அதிகம் திருப்பித் தருபவரும் அவர்தான். தந்திக் கருவி வாசிப்பவராக இருந்தால் லூபோ, டுவார்ட்டே இருவருடைய இசைத்தாள்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வயோல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வயலின், வியோலா, செல்லோ வைத்திருக்கும் நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து டுவார்ட்டேவை ஒரு மாலையில் வாசித்துவிடலாம். யாராவது ஒருவர் நடுக்குரலுக்கு மனமுவந்து ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.